குளிரில் கூரை திறந்த கார்: விரல் வெளுப்பும் தலைவலியும்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 54. இங்கிலாந்தில் டெர்பியில் இருக்கிறேன். 1972ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற, கூரையை மடக்கக்கூடிய கார் வைத்திருக்கிறேன். குளிர்காலத்திலும் வெயில் அடித்தால் கூரையை மடக்கிவிட்டு பக்கத்து மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் ஓட்டுவேன். இந்தக் குளிரில் விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகி மரத்துப்போகின்றன. தூரம் போனால் தலையும் வலிக்கிறது. இறங்கிச் சற்று நடந்தால் விட்டுவிடுகிறது. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் மாத்திரை சாப்பிடுகிறேன். ஓட்டுவதையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டியதில்லை. ஆனால் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்தத் தலைவலிதான் எனக்குக் கவலை தருகிறது. கூரையில்லாத கார் ஓடும்போது முன்கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். அதனால் வண்டியின் பின்பக்கக் காற்று சுழன்று இருக்கைக்கே வரும். சைலன்சரில் ஓட்டையோ டிக்கி ரப்பரில் விரிசலோ இருந்தால் புகை இன்னும் சுலபமாக உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வண்டியில் வந்து, இறங்கியதும் போகிற தலைவலி என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 சதவீதம் காட்டினாலும் நம்பாதீர்கள்; இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்ஸிஜன் ஏறியதாகவே கணக்கிடும். மெக்கானிக் பார்த்துச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். பிறகும் தலைவலி வந்தால் அப்போதே இந்த வாயுவின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். நல்ல காற்றைச் சுவாசித்தாலே சில மணி நேரத்தில் அளவு பாதியாகிவிடும், மறுநாள் பார்த்துப் பயனில்லை.

சரி, விரல்கள். நீங்கள் சொல்வது ரேனாட் பாதிப்பு போலத் தெரிகிறது: குளிர் பட்டதும் விரலின் சிறு ரத்தக் குழாய்கள் இறுகிவிடுகின்றன. வெப்பநிலை 2 டிகிரி இருக்கும்போது 80 கிலோமீட்டர் வேகக் காற்று நேராகப் பட்டால், உடம்புக்கு அது மைனஸ் 7 மாதிரி. நீங்கள் சாப்பிடும் அட்டெனோலால் இதை அதிகமாக்கக்கூடும். நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து. வேறு மருந்துக்கு மாறலாமா என்று உங்கள் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) கேளுங்கள். இந்த வயதில் புதிதாக வந்திருப்பதால் ஸ்கிளீரோடெர்மா (தோல் தடித்து இறுகும் நோய்) போன்ற நோய் இருக்கிறதா என்றும் அவர் பார்க்க வேண்டும். புகைப்பிடிப்பவராக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கையுறை மட்டும் போதாது. நெஞ்சும் கழுத்தும் கதகதப்பாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் ஓடும். மரத்த விரலால் ஸ்டியரிங் பிடிக்காதீர்கள், நிறுத்திவிட்டு அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். வெந்நீர் வேண்டாம், சுடுவதுகூடத் தெரியாது. குளிரில் நெஞ்சை அழுத்துவதுபோல் இருந்து, ஓரமாக நிறுத்தியும் குறையவில்லை என்றால் அவசர உதவிக்கு 999-ஐ அழையுங்கள்.