கடைக்காரர் மாற்றிய பவர் சப்ளை. எரிந்த மதர்போர்டுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். புதுச்சேரியில் ஒரு கடையில் கம்பெனி கணினி வாங்கினேன். கிராஃபிக்ஸ் கார்டு போடுவதற்காக, உள்ளிருந்த 240 வாட் பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு, அக்கடைப் பணியாளரே 550 வாட் பவர் சப்ளையைப் பொருத்தினார். சில வாரங்களில் மதர்போர்டு எரிந்துவிட்டது. கணினிப் பெட்டியின் சீல் ஸ்டிக்கர் கிழிந்திருப்பதால் வாரன்டி இல்லை என்கிறது சர்வீஸ் சென்டர். கம்பெனியைக் கேளுங்கள் என்கிறது கடை. யார் மீது புகார் செய்வது?

பதில்: இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்க்கலாம், ஆயினும் உங்கள் வழக்கின் பலம் கடைக்காரருக்கு எதிராகவே இருக்கிறது. வாரன்டி என்பது ஓர் ஒப்பந்தம். கணினிப் பெட்டியைத் திறந்தாலே அது ரத்தாகும் என்று எழுதியிருக்கிறதா, அல்லது வேறு நிறுவனத்தின் பாகத்தால் நேரும் சேதம் மட்டும் விலக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். இரண்டாவது வகையானால், கிழிந்த ஸ்டிக்கரை மட்டும் காட்டி மறுப்பது போதாது. பழுதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விசைப்பலகை பழுதாகியிருந்தால் கம்பெனியின் மறுப்பை எளிதில் எதிர்க்கலாம். ஆனால் மதர்போர்டு நேரடியாகப் பவர் சப்ளையிலிருந்தே மின்சாரம் பெறுவதால், மாற்றிய பவர் சப்ளையே காரணம் என்ற கம்பெனியின் வாதத்தை நுகர்வோர் ஆணையம் எளிதில் ஒதுக்கிவிடாது.

வாட் அதிகமானதால் எரிந்தது என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். 550 வாட் என்பது கொடுக்கக்கூடிய உச்ச அளவே, கணினி தனக்குத் தேவையானதை மட்டுமே இழுக்கும். உண்மையான கேள்வி வேறு. கம்பெனி கணினிகள் பலவற்றில் பவர் சப்ளையை மதர்போர்டுடன் சேர்க்கும் வழக்கமான 24 பின் இணைப்புக்குப் பதிலாக அந்நிறுவனத்துக்கே உரிய இணைப்பு இருக்கும். வேறொரு பவர் சப்ளையின் கேபிளைச் செருகினால் தவறான பின்னில் தவறான மின்னழுத்தம் போய்ச் சேரக்கூடும். பணியாளர் இதைச் சரிபார்க்காமல் பொருத்தியிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு.

பொருத்துக் கூலிக்கு ரசீது இல்லையென்றால் வாட்ஸ்அப் உரையாடலும் யுபிஐ பதிவும் உதவும். ரசீது தராததையே நியாயமற்ற வணிக நடைமுறையாக அச்சட்டம் கருதுகிறது. சோதனை இன்றி முடிவு செய்ய இயலாத குறையானால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்பதால், கணினியை யாரிடமும் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். பழைய பவர் சப்ளை, புதியது, கேபிள்கள் அனைத்தையும் அப்படியே வைத்திருங்கள்.

கடை புதுச்சேரியில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் செய்ய அச்சட்டத்தின் 34ஆம் பிரிவு இடமளிப்பதால், கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையே நீங்கள் அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்குமூலம் (புகாருக்குக் காரணமான நிகழ்வு) எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்; அதற்கு முன் இருவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.