மக்காச்சோள ஆலையில் புரதம் பிடிப்பது: மூன்று கேள்விகள்

சோளத்தை ஊறவைத்து வடித்த ஊறல் தண்ணீரில் புரதம் நிறைய இருப்பதாக லேப் ரிப்போர்ட் சொல்கிறது. அல்ட்ராஃபில்ட்ரேஷன் (மிக நுண்ணிய துளையுள்ள மெம்பரேன் என்ற சவ்வில் வடிகட்டுவது) போட்டால் பாதிகூடத் தங்கவில்லை. மெம்பரேன் ஓட்டையா?

மெம்பரேன் மேல் பழி போடாதீர்கள். லேப் அளப்பது நைட்ரஜனை, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். சோளம் 50 டிகிரி சூட்டில், கந்தக டை ஆக்சைடு கலந்த தண்ணீரில் ஒன்றரை நாள் ஊறும்போது லாக்டிக் பாக்டீரியாவும் வேலை செய்வதால், கரைந்து வரும் நைட்ரஜனில் பெரும்பங்கு அமினோ அமிலமாகவும் சின்னச் சின்ன பெப்டைடாகவும்தான் இருக்கும். 10,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரை வெளியே விடும் மெம்பரேனில் அவை அப்படியே நழுவிவிடும். நான் சொல்வது இதுதான்: ஊறல் தண்ணீரை தண்ணீரை ஆவியாக்கிக் கெட்டியாக்கும் எவாப்பரேட்டருக்கே விடுங்கள். குளூட்டனை (சோளத்தின் கரையாத புரதத்தை) சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜிலிருந்து வழிந்து வரும் தண்ணீரைப் பாருங்கள், அதில் போகிற நுண்துகள் குளூட்டன், இன்னும் பெரிய துளையுள்ள மைக்ரோஃபில்ட்ரேஷனிலேயே நின்றுவிடும்.

மெம்பரேன் ஒரு மணி நேரத்தில் அடைத்துக்கொள்கிறது. அழுத்தத்தைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள், படிந்த படலம் இன்னும் இறுகிப்போகும். ஓட்ட வேகத்தைக் கூட்டுங்கள். அதற்கு முன், உள்ளே போகும் தண்ணீரை ஓர் உயரமான கண்ணாடிக் குவளையில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் வெள்ளையாகப் படிந்தால் ஸ்டார்ச், அதன்மேல் மஞ்சளாக நிற்பது குளூட்டன், மேலே பளபளவென்று மிதந்தால் எண்ணெய். வெள்ளை தடிமனாக இருந்தால் கோளாறு மெம்பரேனில் இல்லை, முன்னால் ஸ்டார்ச்சைப் பிரிக்கும் செபரேட்டரில் இருக்கிறது, அதை முதலில் சரி பண்ணுங்கள். சூடு 50 டிகிரியை ஒட்டியே இருக்கட்டும், 60-ஐத் தாண்டினால் ஸ்டார்ச் கஞ்சியாகி ஒட்டிக்கொள்ளும். கழுவும்போது வெறும் காஸ்டிக் சோடா போதாது. அது புரதத்தை எடுக்கும், ஸ்டார்ச்சுக்கு அமைலேஸ் என்சைம் வேண்டும். கழுவிய பிறகு சுத்தத் தண்ணீர் விட்டு ஓட்டத்தை அளந்து, ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுங்கள், தயவுசெய்து இதை விடாதீர்கள்.

ஜீன் (zein) என்ற சோளப் புரதத்தை எடுக்க மெம்பரேன் உதவுமா?

உதவும். 1821-லேயே ஜான் கோரம் பிரித்துக் காட்டிய புரதம் அது. தண்ணீரில் கரையாது, 70 சதவீத ஆல்கஹாலில் கரையும். சுமார் 20,000 டால்டன் என்பதால் அல்ட்ராஃபில்ட்ரேஷனில் நிற்கும், ஆல்கஹால் வெளியே வந்துவிடும், அதைத் திரும்ப ஜீனைக் கரைத்தெடுக்கவே பயன்படுத்தலாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனிர் செரியன் குழு இதில் நிறைய உழைத்திருக்கிறது. ஆனால் ஆல்கஹாலைத் தாங்கும் மெம்பரேன் வேண்டும், இணைப்புகளில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டும்தான். பலர் மெம்பரேனை மட்டும் பார்த்து வாங்கி, ரப்பர் ஊதிப்போய்க் கசிந்த பிறகு தவிக்கிறார்கள். மோட்டார், சுவிட்ச் எல்லாம் தீப்பொறி வராத ரகமாக இருக்கட்டும், இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.