கேள்வி இல்லாமல் ஆய்வில் சேரலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்ஸி. உயிரித்தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறேன். ஆறு மாத புராஜெக்ட்டில் செல் வளர்ப்பு செய்தேன். மூன்று முறை பூஞ்சை வந்து எல்லாம் வீணாயிற்று. ஆனாலும் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வருவதில்லை. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி கிடைத்திருக்கிறது. வீட்டில் "இன்னும் அஞ்சு வருஷமா?" என்கிறார்கள். எனக்கென்று ஓர் ஆய்வுக் கேள்வியும் இன்னும் இல்லை. இந்நிலையில் செல் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரலாமா?

(பெயர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்திருக்கிறேன்)

அன்புள்ள வாசகிக்கு,

சேரலாம். எழுந்து வர மனம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நம்பித்தான் இதைச் சொல்கிறேன். கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆய்வகத்துக்குள் நுழைய வேண்டும் என்பது செல் உயிரியலைப் பொறுத்தவரை சரியல்ல. இத்துறையில் பல நல்ல கேள்விகள் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்குக் கிடைத்தவை.

யோஷினோரி ஓசுமி 1988-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தமக்கென ஒரு சிறிய ஆய்வகம் தொடங்கியபோது அவருக்கு வயது 43. ஈஸ்ட் செல்லுக்குள் செரிமானம் நடக்கும் பை போன்ற பகுதி வாக்குவோல். அதற்குள் பொருட்களைச் சிதைக்கும் நொதிகள் இல்லாத, மரபணு பிறழ்ந்த ஒரு வகையை எடுத்து, அதைப் பட்டினி போட்டு, சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்த்தார். சில மணி நேரத்தில் வாக்குவோல் முழுக்கச் சிறு உருண்டைகள் நிறைந்து துள்ளிக்கொண்டிருந்தன. தூய்மைப் பணியாளர்கள் வராத நாளில்தான் ஒரு தெரு எவ்வளவு குப்பை போடுகிறது என்பது நம் கண்ணில் படுகிறது. அதுபோல, உடனுக்குடன் செரித்துவிடுவதால் அதுவரை ஈஸ்ட்டில் தெரியாமலிருந்த ஒன்று, செரிமானம் நின்றதும் குவிந்து தெரிந்தது. செல் தன் பாகங்களையே பொட்டலம் கட்டிச் செரித்துக்கொள்ளும் ஆட்டோஃபேஜி அது. இந்தப் பணிக்காக 2016-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதற்கு அடுத்து நடந்தது. அந்த உருண்டைகள் உருவாகாத பிறழ்வுகளைத் தேடும் வேலையை ஏற்றவர் அவரிடம் படித்த மாணவி மிகி சுகாடா. மரபணுப் பிறழ்வு உண்டாக்கிய ஈஸ்ட்டுகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து அவர் முதல் பிறழ்வைக் கண்டெடுத்தார். பட்டினியில் அது சீக்கிரமே இறந்துவிடுவதைக் கவனித்து, அந்தப் பண்பையே சல்லடையாக்கித் தேடியபோது, மொத்தம் 15 வகைகள் கிடைத்தன. அக்கட்டுரை வெளிவந்த ஆண்டு 1993. ஆய்வில் சேரும் நாளிலேயே அந்தச் சல்லடையை யாரும் யோசித்து வைத்திருக்க முடியாது. முதல் பிறழ்வைக் கண்ட பிறகுதான் அதற்கு வழி பிறந்தது.

ஆகவே உங்கள் கவலையைக் கேள்வியிலிருந்து ஆய்வகத்தின் பக்கம் திருப்புங்கள். என் ஆய்வின் மூன்றாம் ஆண்டில், ஏழு மாத அளவீடுகளை ஒரே மாலையில் ஒதுக்கிவைக்க நேர்ந்தது. செல்கள் வழக்கத்தைவிட மெதுவாகப் பெருகின. மற்றபடி மீடியம் (செல்கள் வளரும் திரவம்) கலங்கவில்லை, நாற்றமில்லை. டி.என்.ஏ. சாயமிட்டுப் பார்த்தபோது, உட்கருவுக்கு வெளியே, கருப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் மின்னின. மைக்கோபிளாஸ்மா என்னும் மிகச் சிறிய பாக்டீரியா. அதற்குச் செல்சுவர் கிடையாது என்பதால் நாம் வழக்கமாக ஊற்றும் பென்சிலின் அதை ஒன்றும் செய்வதில்லை. உங்களுக்கு வந்த பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வகையில் அது நல்ல எதிரி. அன்று நான் பயந்தது நெறியாளரிடம் சொல்வதற்குத்தான். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தேதிக்கு முந்தைய தரவுகளை நம்பலாம் என்று என் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சொல்லப் பயப்படும் ஆய்வகமாக இருந்திருந்தால், அந்தத் தரவுகள் என் ஆய்வேட்டில் ஏறியிருக்கும் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டாருக்குச் சொல்ல: 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பணம் சில மாதம் தாமதமாவது உண்டு, கையிருப்பு வேண்டும். யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி குறைந்தது மூன்றாண்டு, பொதுவாக அதிகபட்சம் ஆறாண்டு. பெண்களுக்குக் கூடுதல் கால நீட்டிப்பும், மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. ஐந்து வருடம் என்று வீட்டில் கணக்கிட்டது மிகையல்ல, மறுக்காதீர்கள்.

நேர்காணலுக்குப் போகும் ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். நெறியாளர் இல்லாத நேரத்தில், அங்கே நான்காம் ஆண்டில் இருக்கும் ஒருவரோடு தேநீர் குடிக்கப் போய், கடைசியாக எந்தச் சோதனை தோற்றது, அதை அவர் யாரிடம் முதலில் சொன்னார் என்று கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.