உணவுக்கூடச் சிவப்பு விளக்கு: எதை முதலில் கேட்பது?

உங்கள் பிள்ளையின் பள்ளி உணவுக்கூடத்தில் இரைச்சல் கூடினால் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும் அந்த விளக்கு, எத்தனை டெசிபலில் (ஒலியளவின் அலகு) சிவப்பாகும்படி வைக்கப்பட்டுள்ளது என்பதை முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். சிவப்பு எரிந்தவுடன் கூடம் முழுவதையும் மணி அடிக்கும்வரை வாய்பேசாமல் உட்கார வைக்கும் விதியைத் தளர்த்த, நியாயம் பேசுவதைவிட இதுவே பலன் தரும். இருவர் ஒரு மீட்டர் இடைவெளியில் இயல்பாகப் பேசுவதே ஏறக்குறைய 60 டெசிபல் என்பதால், நீங்கள் கேள்விப்பட்டபடி வரம்பு 70 என்றால், முந்நூறு பேர் உண்ணும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடத்தில் பச்சை நிலைப்பது அரிது. காலித் தட்டு குப்பைத் தொட்டி விளிம்பில் மோதினாலே போதும், சிவப்புதான்.

குற்றம் பெரும்பாலும் பிள்ளைகளிடம் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது. வழவழப்பான தரையும் வெற்றுச் சுவர்களும் ஓசையைத் திருப்பி அனுப்ப, அதை மீறிக் கேட்கவேண்டி ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள். இதை லொம்பார்ட் விளைவு என்பர்.

பெற்றோர் சந்திப்பு நாளில் காலியான கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஓசை ஒரு நொடிக்கு மேல் நீடித்தால், கூரையில் ஒலியுறிஞ்சும் பலகை பொருத்தும்படி பள்ளி வாரியக் கூட்டத்தில் கேட்கலாம். நயோஷ் (NIOSH) என்ற, பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனத்தின் இலவச ஐபோன் செயலியால் அளக்கவும் முடியும், ஆனால் கைப்பேசி ஒலிவாங்கி காட்டும் எண்ணை முடிந்த சான்றாக நீட்டாதீர்கள்.

விதியையே நீக்கச் சொல்லவும் வேண்டாம். செவித்துணைக் கருவி அணிந்த மாணவருக்கு அந்த இரைச்சல் உண்மையிலேயே வேதனை.