பாதரசத்தில் மிதந்த காசுகள்

கேள்வி: அலெக்சாண்டர் கால்டரின் அசையும் சிற்பங்களையும் ஜுவான் மிரோவின் அரூப ஓவியங்களையும் அருங்காட்சியகங்கள் ஏன் அடிக்கடி ஜோடியாகவே காட்டுகின்றன? இருவரிடமும் அதே சிவப்பு, அதே கறுப்பு, அதே நட்சத்திரங்கள். இந்த விளையாட்டுத்தனத்தில் யாருடைய தாக்கம் யார்மீது?

– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ‘தாக்கம்’ என்று எழுதிவிட்டீர்கள், இனி நான் சும்மா இருக்க முடியாது. எந்தப் படைப்பைக் கண்டாலும் அதற்குத் தகப்பன் யார் என்று விசாரிக்கக் கிளம்பிவிடும் விமர்சகர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்கு நெடுநாள் பகை உண்டு. அவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் வழங்கும் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தால் கலையும் பிழைத்திருக்கும், அவர்களுக்கும் ஓய்வூதியம் கிடைத்திருக்கும்.

இந்த ஜோடியின்மீது அவர்கள் வழக்கமாகத் தொடுக்கும் வழக்கு நட்சத்திரங்களைப் பற்றியது: மிரோவைப் பார்த்துத்தான் கால்டர் செய்தார் என்பது; அது நிற்காது. மிரோவின் ‘விண்மீன் கூட்டங்கள்’ என்ற 23 சிறு தாள்கள் 1940 ஜனவரியில் நார்மண்டிக் கடலோரத்தில் தொடங்கி, ஜெர்மானியப் படை பிரான்ஸுக்குள் புகுந்தபோது அவரோடு ஸ்பெயினுக்கு ஓடி, 1941 செப்டம்பரில் முடிந்தவை. கால்டரோ 1943இல் அமெரிக்காவில், போர்த் தேவைக்குப் போய்விட்ட அலுமினியம் கைக்குக் கிடைக்காததால், மரத்துண்டுகளைச் செதுக்கிக் கம்பிகளால் கோத்துக்கொண்டிருந்தார். அவற்றுக்கும் ‘விண்மீன் கூட்டங்கள்’ என்று பெயர் வைத்தவர்கள் கலைஞர் மார்செல் துஷாம்ப்பும் காட்சியமைப்பாளர் ஜேம்ஸ் ஜான்சன் ஸ்வீனியும். மிரோவின் தாள்கள் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது 1945இல்தான். இருவரும் 1928 முதல் நண்பர்கள் என்பது உண்மை. ஆனால் கடலுக்கும் போருக்கும் அப்பால் இருந்த தாள்களைப் பார்த்துக் காப்பியடிக்கும் வித்தை எந்த நண்பனுக்கும் தெரியாது.

அதைவிட, ‘விளையாட்டுத்தனம்’ என்கிறீர்களே, அதைத்தான் பேச வேண்டும். இந்த இருவரும் மிக அழுத்தமாக ஜோடி சேர்ந்தது 1937இல், பாரிஸ் உலகக் கண்காட்சியில், உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த ஸ்பானியக் குடியரசின் அரங்கில். அந்தப் போரின் குண்டுவீச்சைப் பற்றிய பிக்காசோவின் ‘கெர்னிகா’ ஓவியம் அங்கேதான் இருந்தது. மிரோ ஐந்தரை மீட்டர் உயரத்தில் அரிவாளேந்திய கத்தலான் விவசாயியை வரைந்தார். அந்த ஓவியம் பின்னர் தொலைந்தே போயிற்று. இயந்திரப் பொறியியல் படித்தவரான கால்டர், தார் பூசிய இரும்புத் தகடுகளின்மீது தண்ணீருக்குப் பதிலாகப் பாதரசம் வழிந்தோடும் ஒரு நீரூற்றை அமைத்தார். உலகின் பாதரசத்தில் பெரும்பங்கைத் தந்துவந்த ஸ்பெயினின் அல்மாதேன் சுரங்கத்தை, குடியரசை எதிர்த்துக் கிளம்பிய தளபதி ஃபிராங்கோவின் படை குறிவைத்திருந்த நாட்கள் அவை.

பார்க்க வந்தவர்களோ அதில் காசைப் போட்டு, அது மூழ்காமல் மிதப்பதைக் கண்டு கைதட்டினார்கள். பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனமானது; செம்பும் வெள்ளியும் அதன்மேல் சாவகாசமாக மிதக்கும். தங்கமோ மூழ்கும். ஆனால் தங்கக் காசு வைத்திருந்தவர்கள் குடியரசின் அரங்குப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள் என்பதால் இந்த விஞ்ஞான உண்மை அங்கே சோதிக்கப்படாமலே போயிருக்க வேண்டும். சேர்ந்த காசுகள் ஸ்பானியக் குழந்தைகளின் உதவிக்குப் போயின என்று கால்டர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஓர் அரசாங்கம் உயிருக்குப் போராடிக்கொண்டே நிதி திரட்டிய விதங்களில் இதைவிட நேர்த்தியானதை நான் அறியேன். நம்முடைய நிதியமைச்சர்கள் எவரும் இதைப் படித்துவிடக் கூடாதே என்று அஞ்சவும் செய்கிறேன்.

அந்த நீரூற்று இன்று பார்சிலோனாவில் மிரோ அறக்கட்டளையின் கட்டடத்தில் இருக்கிறது. பாதரச ஆவி நச்சு என்பதால் கண்ணாடிக்குப் பின்னால். காசு போட வழியில்லை. சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு, நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் என்று ஜாடை பார்த்து மாட்டும் காட்சியமைப்பாளர்களைவிட இந்த ஏற்பாடு மேலானது. ஜாடை பார்த்து மாட்டினால் பார்வையாளர் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிறார். இரு படைப்புகளில் ஒன்று எந்தப் போரில் பிறந்தது, மற்றது எந்தத் தட்டுப்பாட்டில் பிறந்தது என்று கேட்பதே இல்லை.

அந்த வகையில் 2017இல் நியூயார்க்கின் இரண்டு கூடங்கள் சேர்ந்து நடத்திய காட்சியை நான் ஆதரிக்கிறேன். மிரோவின் தாள்கள் 79ஆம் தெருவில், கால்டரின் மரத்துண்டுகள் 57ஆம் தெருவில். ஜோடி சேர்த்துப் பார்க்க விரும்பியவர் இருபத்திரண்டு தெருக்களைக் கடந்தாக வேண்டும். தாக்கம் தேடும் நம் விமர்சகர்களில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் நடப்பார்கள் என்பதை உங்கள் யூகத்துக்கே விட்டுவிடுகிறேன்.