பதில்: பண்டாரவளை இல்லத்தில் அம்மாவைப் பார்த்த அக்கா காசு வாங்க மாட்டேன் என்கிறார்

இலங்கை மலைநாட்டுப் பண்டாரவளையில் உள்ள முதியோர் இல்லத்தில், மறைந்த உங்கள் அம்மாவைக் கவனித்துக்கொண்ட ஊழியர் அக்கா, நன்றியாக நீட்டிய காசை வாங்கவில்லை, வேறு எப்படி நன்றி சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். காசைத் திரும்பவும் நீட்டாதீர்கள். இல்ல நிர்வாகிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அந்த அக்காவின் பெயரைப் போட்டு. "எல்லோருக்கும் நன்றி" என்று பொதுவாக முடித்தால் அவருக்கு ஒன்றும் சேராது. கடைசி மாதங்களில் இராத்திரி எழும்பி அம்மாவுக்குக் கால் தேய்த்துவிட்டார் என்றீர்களே, அதை அப்படியே எழுதுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால் நல்லது. ஒரு பிரதியை அவர் கையிலும் கொடுங்கள். நாளைக்கு வேறு வேலை தேடினால் உதவும்.

அவர் மறுத்ததற்குப் பெரும்பாலும் இல்லத்தின் விதிதான் காரணம், உங்கள் மேல் மனத்தாங்கல் இல்லை. ஊழியர் அறைக்குப் பொதுவாக ஏதாவது தரலாமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அந்தக் குளிரில் இரவு வேலை செய்பவர்களுக்குப் பூங்கொத்தைவிட ஒரு நல்ல சுடுதண்ணீர்ப் பிளாஸ்க் பெரிது. (தேயிலையும் சேர்த்துக் கொடுத்தால் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை.)

அம்மாவின் திவசத்துக்கு அங்கே ஒருவேளைச் சாப்பாடு கொடுக்கலாம் என்ற யோசனையும் சரிதான். ஆனால் திகதியை முன்கூட்டியே பதிந்துவிட்டு, என்ன சமைக்கலாம் என்று மேட்ரனிடம் கேளுங்கள். சீனி வருத்தக்காரர்கள் இருக்கும் இடத்துக்குப் பாயாசத்தோடு போய் நிற்காதீர்கள்.