மலை எங்கும் போகாது, முதலில் பள்ளியைப் பிடியுங்கள்

கேள்வி: கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் இருக்கிறோம். கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. ஆண்டு இறுதிக்குள் பினாங்குத் தீவுக்கு மாற வேண்டும். மகள் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளிதான் என்று முடிவு செய்துவிட்டோம். மகனுக்கு 4 வயது. நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். ஞாயிறு காலையில் பிள்ளைகளோடு குனோங் ஜெராய் அடிவாரத்தில் நடந்து பழகியவர்கள் நாங்கள். அங்கேயும் மலையடிவாரமாக ஒரு அமைதியான தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), 1,800 ரிங்கிட்டுக்குள் வாடகை வீடு வேண்டும். "நல்ல பள்ளிகள், பக்கத்திலேயே மலை, தஞ்சோங் பூங்கா போங்கள்" என்கிறார் ஏஜெண்டு. போகலாமா?

பதில்: ஏஜெண்டு பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லும் நல்ல பள்ளி வேறு, நீங்கள் தேடும் பள்ளி வேறு. தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி பக்கம் பேர் வாங்கியது அனைத்துலகப் பள்ளிகளால். டாலட் பள்ளி தஞ்சோங் பூங்காவில் இருக்கிறது, அப்லண்ட்ஸ் பத்து பெரிங்கியில். தமிழ்ப்பள்ளிக்கு அங்கிருந்து நகரத்துப் பக்கம் வர வேண்டும். கணவர் வேலைக்குத் தீவின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்குப் போக வேண்டும். காலையில் கடலோரச் சாலையில் வண்டிகள் ஊர்வதைப் பார்த்தால் கடல் காற்று வாங்கும் ஆசையே போய்விடும்.

இருபது வருடமாக இந்தத் தீவில் குடும்பங்களுக்கு வீடு பார்த்துத் தருகிறேன். மலையில் ஆசை வைத்து வருகிறவர்கள் எல்லாரும் மலையிலிருந்துதான் தேடத் தொடங்குகிறார்கள். அதைத் தலைகீழாக்குங்கள். தீவின் முதுகெலும்பே மலைதான், நகரமும் தாமான்களும் பெரும்பாலும் கிழக்குக் கரையோரம். கிழக்கில் எந்தத் தாமானில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். ஞாயிறு காலை சாலை காலியாக இருக்கும்போது எந்த மலைப்பாதைக்கும் போய்விடலாம். பள்ளிக்கு வாரத்தில் ஐந்து நாள் போக வேண்டும், அதுவும் எல்லாரும் கிளம்பும் அதே நேரத்தில்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். பெரும்பாலானவை பெருநிலத்தில், செபராங் பிறையில். தீவில் இருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். நகரத்துப் பக்கம் ஸ்காட்லண்ட் சாலையில் இராமகிருஷ்ணா, ஆயர் ஈத்தாம் பக்கம் ராஜாஜி, குளுகோரில் சுப்பிரமணிய பாரதி. தெற்கே சுங்கை ஆராவிலும் பாயான் லெப்பாஸிலும் ஒவ்வொன்று. உங்கள் கணவரின் வேலையிடத்தை வைத்துப் பார்த்தால் சுங்கை ஆரா-பாயான் லெப்பாஸ் பக்கம், குளுகோர் பக்கம் என்று இரண்டுதான் மிஞ்சும்.

நான் சொல்வது சுங்கை ஆரா. காரணம் பாலம். 1985இல் திறந்த முதல் பாலம் குளுகோரில்தான் வந்து இறங்குகிறது. பெருநிலத்திலிருந்து வேலைக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி அங்கிருந்து பாயான் லெப்பாஸ் பக்கம்தான் திரும்பும். குளுகோரில் குடியிருந்தால் கணவர் தினமும் அந்த நெரிசலுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். சுங்கை ஆராவிலோ வீடு, பள்ளி, தொழிற்பேட்டை மூன்றும் பாலத்துக்குத் தெற்கே ஒரே வட்டாரத்தில். அவர் உள்சாலையில் போய்விடலாம், மகளை நீங்கள் பத்து நிமிடத்தில் பள்ளியில் விட்டுவிட்டு வந்து கணக்கைத் திறக்கலாம். மதியம் பள்ளி விடும் நேரத்திலும் அதே பத்து நிமிடம்தான். வேன்காரருக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கும் தலைவலி மிச்சம்.

குளுகோருக்கும் ஒரு பலம் உண்டு. இடைநிலைப்பள்ளி என்று வரும்போது நகரத்துப் பக்கம் தேர்வு அதிகம்; 1816இல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூல் இருப்பதும் பக்கத்தில் கிரீன் லேனில்தான். ஆனால் உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வர ஆறு வருடம் இருக்கிறது. இப்போது வாடகைக்கு இருங்கள், மகள் ஐந்தாம் ஆண்டு வந்ததும் மறுபடி யோசிக்கலாம். அப்போது எந்தப் பள்ளியைப் பார்த்தாலும் தமிழ் வகுப்பு உண்மையில் நடக்கிறதா என்று கேளுங்கள். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு 1996 கல்விச் சட்டத்தில் இடமுண்டு. கேட்க ஆளில்லாமல்தான் பல இடங்களில் வகுப்பு இல்லாமல் போகிறது.

பள்ளிப் பதிவை வீடு கிடைக்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். மகளை ஏற்கெனவே கெடாவில் பதிந்திருப்பீர்கள். புதுப் பள்ளிக்கு ஒரு நாள் நேரில் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டு, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இடமாற்றம் கேளுங்கள். சுங்கை ஆரா என்றால் பாராட் டாயா மாவட்டம், குளுகோர் என்றால் தீமோர் லாவுட். இதில் குழம்பி அரைநாள் லீவைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். பிறப்புப் பத்திரம், உங்கள் இருவரின் அடையாள அட்டை, வீடு கிடைத்ததும் முத்திரை வரி கட்டிய வாடகை ஒப்பந்தம், அந்த வீட்டின் தண்ணீர் அல்லது மின்சார பில் நகல் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். நகல் தருவாரா என்பதை முன்பணம் கட்டும் முன்பே பேசிவிடுங்கள்.

இனி வீடு. 1,800க்குள் தரைவீடு தேடி அலையாதீர்கள். கிடைத்தாலும் பழசாக இருக்கும். மூன்று அறை அடுக்குமாடி பாருங்கள். மலையை ஒட்டிய கட்டடம் என்றால் பால்கனியிலிருந்து காட்சியைப் பார்ப்பதற்கு முன் கார் நிறுத்துமிடத்தின் பின்பக்கம் போய்த் தடுப்புச் சுவரைப் பாருங்கள். நான் அப்படிப் பார்க்காமல் முதன்முதலில் எடுத்த வாடகை வீட்டில், ஒரு இரவு மழைக்குச் சமையலறைக்குள் செம்மண் தண்ணீர் வந்தது. சுவரில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும், மண்ணுக்குள் தேங்கும் நீர் வடிய. மழை விட்டதும் அதில் தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. நல்ல மழைக்குப் பிறகும் ஒரு சொட்டுக்கூட வராமல் புல் முளைத்து அடைத்திருந்தால் அந்த வீடு வேண்டாம். 2017 நவம்பர் வெள்ளத்தின்போது இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். வீட்டுக்காரர் மழுப்பலாம். மூலைக்கடைக்காரர் கையை முழங்காலில் வைத்தே காட்டுவார்.

எல்ஆர்டி (இலகு ரயில்) வருகிறது என்று வாடகையை ஏற்றிச் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். வேலை தொடங்கியது 2025இல். உங்களுக்கு இப்போதைக்கு அது சாலைத் தடுப்பு, தூசி.

சரி, மலைக்கு வருவோம். சுங்கை ஆராவிலிருந்து பக்கம் ரெலாவ் மெட்ரோபோலிட்டன் பூங்கா. பழைய ஈயச் செல்வந்தர் ஒருவரின் மாளிகை இடிபாடு அங்கே இருக்கிறது. மகனுக்குப் பேய்க்கதை சொல்ல வசதி. கொஞ்சம் ஓட்டினால் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு. நீரைச் சுற்றி வரும் பாதையில் 4 வயதுக் கால்களுக்கும் நடக்க முடியும், குளிர்ச்சியும் உண்டு. 1884இல் அமைத்த தாவரவியல் பூங்காவின் கீழ்ச்சுற்றும் அப்படித்தான். போகிற வழியில் தண்ணீர்மலை முருகனைப் பார்த்துவிடலாம், 513 படியேறும் தெம்பு இருந்தால்.

தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து பினாங்கு மலை உச்சிக்குப் போகும் ஜீப் சாலையை மட்டும் இப்போது தொடாதீர்கள். ஏறத்தாழ 5 கிலோமீட்டர், தார் போட்டிருக்கிறது என்றாலும் செங்குத்து. மகன் பாதி வழியில் உங்கள் தோளில் ஏறிவிடுவான். அதே மலையில் ஏறும் மூன் கேட் பாதையும் அவனுக்கு இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தான். உச்சியைக் காட்ட வேண்டுமென்றால் மலை ரயிலில் ஏறி, மேலே நடந்துவிட்டு ரயிலிலேயே இறங்குங்கள். எங்கே போனாலும் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகளுக்கு அதன் சத்தம் போதும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். அந்த மாதங்களில் ஓடைக்குள் பிள்ளைகளை இறக்க வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை திடீரென்று வந்து இறங்கும்.

தரைவீடும் மரநிழலும்தான் முக்கியம் என்று குடும்பமே அடம்பிடித்தால் பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம் இருக்கிறது. செரோக் தோக்குன் காட்டுப்பாதை தீவின் பாதைகளுக்குக் குறைந்ததில்லை. என்னைக் கேட்டால் ஒருபடி மேல். தமிழ்ப்பள்ளித் தேர்வும் பெருநிலத்தில் அதிகம். அதற்கு விலை, கணவர் தினம் இரண்டு முறை பாலம் கடப்பது. அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

வீடு பார்க்கச் சனிக்கிழமை வராதீர்கள், சனிக்கிழமை எல்லாத் தாமானும் அமைதியாகத்தான் இருக்கும். பள்ளி நடக்கும் ஒரு வாரநாளில், காலை 6:45க்கு அந்த வீட்டு வாசலில் காரைத் திருப்பி, பள்ளி வாசல் வரை ஓட்டிப் பாருங்கள். அங்கிருந்து தொழிற்சாலை வரைக்கும் கணவரை ஓட்டச் சொல்லுங்கள். சுங்கை பட்டாணியிலிருந்து அந்த நேரத்துக்கு வருவது கஷ்டம்தான், முந்தின இரவே வந்து தங்கிவிடுங்கள்.